கடலோர நடைபாதைக்குப் போகிறோம், என்னென்ன சீனச் சொற்களைப் பழகிக்கொண்டு போகலாம்?

மலைக்கோட்டை_மைந்தன்:

எல்லாருக்கும் வணக்கம். தைவானில் சிஞ்சு நகரத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருக்கிறேன். ஆய்வகத்தில் ஆங்கிலம்தான் ஓடுகிறது. பேராசிரியரும் சரி, பக்கத்து மேசை வியட்நாம் பையனும் சரி, ஆங்கிலத்திலேயே பேசிவிடுவதால் சீனம் காதில் விழுவதோடு முடிந்துவிடுகிறது. கைப்பேசியில் ஒரு செயலி வைத்துத் தினமும் படிக்கிறேன். 'என் தங்கை ஆப்பிள் சாப்பிடுகிறாள்', 'பூனை மேசைக்கு அடியில் இருக்கிறது' என்றெல்லாம் பிழையில்லாமல் சொல்வேன். எனக்குத் தங்கையும் கிடையாது, விடுதியில் பூனையும் கிடையாது. ஆனால் கீழே இருக்கும் கடையில் பால் பாக்கெட் வாங்கினால் அந்தப் பெண் ஏதோ கேட்கிறார், நான் திருதிருவென்று விழிக்கிறேன்.

வருகிற சனிக்கிழமை நாங்கள் மூன்று பேர் வடகிழக்குக் கரையில் இருக்கும் பீத்தோவ்ஜியாவ் முனைக்கு நடக்கப் போகிறோம். கடலைப் பார்த்தபடியே மேட்டில் ஏறி இறங்கும் பாதை என்று படத்தில் பார்த்தோம். அன்றைக்கு முடிந்தவரை ஆங்கிலம் பேசுவதில்லை என்று மூன்று பேரும் சேர்ந்து முடிவு செய்திருக்கிறோம்.

எந்தச் சொற்கள் அங்கே உண்மையிலேயே பயன்படும்? நடந்துகொண்டே கற்றுக்கொள்ள ஏதாவது வழி உண்டா, இல்லை அட்டை எழுதி எடுத்துக்கொண்டு போவதுதான் நல்லதா? எங்களில் ஒருவர் முட்டைகூடத் தொடாத சைவம், அதையும் கணக்கில் வைத்துச் சொல்லுங்கள். அனுபவமுள்ள அண்ணன்கள், அக்காக்கள் கொஞ்சம் உதவ வேண்டும்.


காரைக்குடி_கணினி:

கைப்பேசிக் கேமராவைப் பலகைக்கு நேரே பிடித்தால் மொழிபெயர்த்துக் காட்டிவிடும். பேச்சையும் அதுவே கேட்டு மாற்றிச் சொல்லும். ஒரு நாள் நடைக்குப் போய் இவ்வளவு சிரமம் எதற்கு? அழகை ரசித்துவிட்டு வாருங்கள் நண்பரே.


கொற்கைக்காரி:

கணினி சொல்வது பலகைக்குச் சரி. ஆனால் எதிரே வியர்த்து விறுவிறுத்து இறங்கி வருகிற ஒரு பாட்டி உங்களிடம் ஏதோ கேட்கும்போது அவர் முகத்துக்கு நேரே கைப்பேசியை நீட்டுவது நன்றாக இருக்காது தம்பி. அவர் நடையையும் நிறுத்தமாட்டார்.

நான் கீலுங்கில் இருக்கிறேன், பிறந்தது தூத்துக்குடிப் பக்கம். வீட்டுக்காரருக்கு இங்கே கடல்சார் பல்கலைக்கழகத்தில் வேலை. நான் சீனம் வகுப்பில் கற்றதைவிட மாடிவீட்டு ஆயியோடு இந்தக் கரையோரம் நடந்து கற்றதுதான் அதிகம். ஆமாம், இங்கே அம்மா வயதுப் பெண்களை 'ஆ1 யி2' என்றுதான் கூப்பிடுவார்கள், நம் ஊர் ஆயி மாதிரியே காதில் விழும். ஒரு எச்சரிக்கை: நாற்பது வயதுக்காரர் யாரையும் அப்படிக் கூப்பிட்டுவிடாதீர்கள், முகம் சுருங்கிவிடும். 'ஜியே3 ஜியே' என்று அக்கா ஆக்கிவிடுவது பாதுகாப்பு. கடைக்காரர் என்றால் ஆணுக்கு 'லாவ்3 பான்3', பெண்ணுக்கு 'லாவ்3 பான்3 நியாங்2'.

எழுத்துக்குப் பக்கத்தில் எண் போட்டிருப்பது தொனி. 1 என்றால் உயரத்தில் சமமாக நீட்டுவது. 2 என்றால் 'என்ன?' என்று கேட்பது போல் மேலே ஏறுவது. 3 அடித்தொண்டையில் தாழ்ந்து கிடப்பது. 4 அதட்டுவது, 'போ!' என்கிற மாதிரி. எண் இல்லையென்றால் லேசாகச் சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

இப்போது விஷயம். எல்லாரும் கேள்விகளை மனப்பாடம் செய்துகொண்டு கிளம்புகிறார்கள். கேள்வி கேட்பது சுலபம், வருகிற பதில்தான் புரியாது. நான் சொல்வது இதுதான்: கேள்வி ஒன்றோ இரண்டோ போதும், அதற்கு வரக்கூடிய பதில்களைப் படித்துக்கொண்டு போங்கள்.

பேருந்திலிருந்தே பாருங்கள். நீங்கள் ரயிலில் ழுய்ஃபாங் வந்து அங்கிருந்து 856 ஆம் எண் பேருந்து பிடிப்பீர்கள். ஓட்டுநரிடம் 'தாவ்4 பீ2 த்தோவ்2 ஜியாவ்3 மா?' என்று கேளுங்கள், அதாவது பீத்தோவ்ஜியாவ் போகுமா. அவர் முழு வாக்கியத்தில் பதில் சொல்லமாட்டார். 'யோவ்3' என்றால் போகும், ஏறிக்கொள்ளலாம். 'மேய்2 யோவ்3' என்றால் போகாது. 'துய்4 மியென்4' என்றால் எதிர்ப்பக்கம் போய் நில் என்று அர்த்தம். 'ஷியா4 யி4 பான்1' என்றால் அடுத்த வண்டி. இந்த நாலு பதிலுக்கும் காது பழகிவிட்டால் போதும், கேள்வியில் தொனி கொஞ்சம் சறுக்கினாலும் வண்டி கிடைத்துவிடும். சனிக்கிழமை காலையில் ஜியூஃபென் மலையூருக்குச் சுற்றுலா போகிற கூட்டம் அதே வண்டியில் நிற்கும். இறங்கும்போது 'ஜியே4 குவோ4' என்று சொல்லிக்கொண்டே நகருங்கள், வழி விடுவார்கள். நான் தினமும் அதிகம் சொல்கிற சொல் இதுவாகத்தான் இருக்கும். செயலியில் இது வந்ததா?

அப்புறம் உங்கள் பால் பாக்கெட் மர்மம். அந்தப் பெண் கேட்பது இரண்டில் ஒன்று. 'யாவ்4 தாய்4 ட்ஸ மா?' என்றால் பை வேண்டுமா. வேண்டாம் என்றால் 'பூ2 யோங்4'. இன்னொன்று 'யோவ்3 ட்ஸாய்4 ஜூ4 மா?' இது ரசீதை மின்னணு முறையில் சேர்த்துவைக்கிற பட்டைக்குறியீடு வைத்திருக்கிறாயா என்ற கேள்வி. எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்காது, ஆனால் ஒவ்வொரு கடையிலும் கேட்பார்கள். 'மேய்2 யோவ்3' என்றால் காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்துவிடுவார்கள். அதைக் கசக்கிப் போட்டுவிடாதீர்கள் தம்பி. இங்கே கடை ரசீதுக்கே பரிசுச்சீட்டு எண் உண்டு, ஒற்றைப்படை மாதங்களில் 25 ஆம் தேதி குலுக்கல்.

நடைபாதைக்கு வருவோம். சீனத்தில் 'பூ4 தாவ்4'. நுழைகிற இடத்தில் வரைபடத்துக்குப் பக்கத்தில் அறிவிப்பு ஏதாவது தொங்குகிறதா என்று முதலில் பாருங்கள். 'ஃபெங்1 பீ4' என்றால் மூடப்பட்டிருக்கிறது. பாறை சரிந்ததால் கலங்கரை விளக்கத்துக்குப் போகிற பகுதியை மூடி வைத்திருந்த காலமும் உண்டு, அதனால் இந்தச் சொல் முக்கியம். கலங்கரை விளக்கம் 'தெங்1 த்தா3'. ஜப்பானியர் ஆட்சியில் 1897 இல் கட்டியது, உலகப்போரில் சேதமாகி 1971 இல் மறுபடி கட்டினார்கள். பாதி தூரத்தில் ஒரு சின்ன ஆரம்பப் பள்ளிக்கூடம் வரும். ஜன்னலைத் திறந்தால் கடல். அந்தப் பிள்ளைகள் எப்படிப் பாடத்தைக் கவனிக்கிறார்களோ தெரியவில்லை.

ஏறத் தொடங்கியதும் எதிரே வருகிற எல்லாரும் 'ட்ஸாவ்3 ஆன்1' என்பார்கள், காலை வணக்கம். திருப்பிச் சொல்லுங்கள். இப்போது உங்கள் ஒரே கேள்வி: 'ஹாய்2 யோவ்3 துவோ1 யுவான்3?' இன்னும் எவ்வளவு தூரம்? இந்த ஒன்றையே வழி நெடுக நாலைந்து பேரிடம் கேளுங்கள். இதுதான் என் வழி. கேள்வி மாறாது, பதில் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் 'ஷி2 ஃபென்1 ஜோங்1' என்பார், பத்து நிமிடம். இன்னொருவர் 'பான்4 க ஷியாவ்3 ஷி2' என்பார், அரை மணி. மூன்றாவது ஆள் தூரத்தைச் சொல்வார், 'கோங்1 லீ3' என்றால் கிலோமீட்டர், 'கோங்1 ச்சி3' என்றால் மீட்டர். பெரும்பாலானவர்கள் 'க்வாய்4 தாவ்4 ல' என்பார்கள், இதோ வந்துவிட்டது என்று. அதை நம்பி உட்காராமல் போய்விடாதீர்கள். மலையேறுகிற தைவான்காரர்களின் பெரிய பொய் இதுதான், அவர்களே சொல்லிச் சிரிப்பார்கள். கூடவே 'ஜியா1 யோவ்2!' என்று உற்சாகப்படுத்துவார்கள். 'மான்4 மான்4 ட்ஸோவ்3' என்றால் மெதுவாகப் போங்கள்.

ஒவ்வொரு நிழல் மண்டபத்திலும், அதாவது 'லியாங்2 த்திங்2' வரும்போது, மூன்று பேரும் உட்கார்ந்து அதுவரை காதில் விழுந்ததைச் சொல்லிப் பாருங்கள். கைப்பேசியை அங்கே மட்டும் எடுங்கள். படிக்கட்டில் நடந்துகொண்டே திரையைப் பார்க்கிற பாதை இல்லை அது.

அவர்களும் உங்களைக் கேள்வி கேட்பார்கள், தப்பிக்க முடியாது. 'நா3 லீ3 ழென்2?' எந்த ஊர்க்காரர்? 'யின்4 தூ4' என்று இந்தியாவைச் சொல்லலாம். அதற்கே 'உங்கள் சீனம் பிரமாதம்' என்று பாராட்டு வரும். நன்றி என்று சொல்லாமல் 'மேய்2 யோவ்3 லா' என்று, அப்படியெல்லாம் இல்லைங்க என்கிற மாதிரி இழுங்கள், உடனே நெருக்கமாகிவிடுவார்கள்.

பேசுவதற்கு நல்ல ஆள் பாறைமேல் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பவர். அவருக்கு நேரம் நிறைய இருக்கிறது, பேச்சுத்துணைதான் கிடையாது. 'யோவ்3 யூ2 மா?' மீன் விழுந்ததா என்று கேட்டால் போதும். ஆனால் அவர் நிற்கிற பாறைக்கு நீங்கள் இறங்காதீர்கள். இதற்கு ஒரு சொல் இருக்கிறது, இதை மட்டும் எப்படியாவது மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள்: 'ஃபெங்1 கோவ்3 லாங்4'. வெறிநாய் அலை. கடல் அடங்கிக் கிடக்கிற மாதிரி தெரியும்போதே ஒன்று திடீரென்று ஆள் உயரத்துக்கு எழும்பிப் பாறையைக் கழுவிக்கொண்டு போய்விடும். வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்திலும் தூரத்தில் புயல் இருக்கும்போதும் இந்தக் கரையில் தூண்டில்காரர்களை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. யாராவது இந்தச் சொல்லைக் கத்தினால் அர்த்தம் யோசிக்காமல் மேலே ஏறுங்கள். நான் கடற்கரையிலேயே வளர்ந்தவள், அலைக்குப் பயந்தவள் இல்லை, இருந்தும் சொல்கிறேன்.

சாப்பாடு. கீழே மீன்பிடித் துறைமுகம், கடையெல்லாம் மீனும் கணவாயும்தான். அந்த நண்பருக்கு ழுய்ஃபாங்கிலேயே வாங்கிக் கட்டிக்கொண்டு போவது உத்தமம். 'வோ3 ச்சி1 ஸூ4' என்றால் நான் சைவம். இங்கே சைவத்திலேயே முட்டை, பால் சேர்க்கிற வகை உண்டு, அதனால் 'ச்சுவான்2 ஸூ4' என்று சொல்லச் சொல்லுங்கள். முழுச்சைவம், வெங்காயம் பூண்டுகூட இருக்காது. சந்தேகமாக இருந்தால் 'பூ4 ச்சி1 தான்4', முட்டை சாப்பிடமாட்டேன் என்று ஒரு வரி சேர்த்துவிடலாம்.

ஆனால் அவர் சாப்பிடக்கூடிய ஒன்று இந்தக் கரையிலேயே இருக்கிறது. 'ஷி2 ஹுவா1 தோங்4'. கடற்பாசியைக் காய்ச்சி உறையவைத்த கூழ், சர்க்கரைப் பாகும் எலுமிச்சையும் விட்டுக் கொடுப்பார்கள். பாசியைப் பெண்கள்தான் முங்கி எடுத்து வருவார்கள். வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் போனால் சாலையோரம் பரப்பிக் காயப்போட்டிருப்பதைப் பார்க்கலாம். நன்னீரில் அலசிக் காயவைத்து, மறுபடி அலசிக் காயவைத்து, கருஞ்சிவப்பாக இருந்தது வைக்கோல் நிறத்துக்கு வந்த பிறகுதான் காய்ச்சுவார்கள். 'எத்தனை முறை கழுவுவீர்கள்' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் லாவ்பான்நியாங் கால் மணி நேரம் பேசுவார். அதைவிட நல்ல வகுப்பு கிடைக்காது.


பாம்பன்_பாலம்:

அக்கா, பாசி என்றதும் நிற்கவேண்டியதாயிற்று. எங்கள் பக்கமும் மன்னார் வளைகுடாவில் பெண்கள்தான் முங்கிப் பாசி எடுப்பார்கள். கண்ணில் கண்ணாடியைக் கட்டிக்கொண்டு, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு இறங்குவார்கள். மரிக்கொழுந்துப் பாசி என்று நாங்கள் சொல்வதும் உங்கள் தைவான் பாசியும் ஒரே வகைச் சிவப்புப் பாசிக் கூட்டம், இரண்டிலிருந்தும் எடுப்பது அகர் அகர்தான். நோன்பு நேரத்தில் பாலில் போட்டு வீட்டில் செய்கிற கடற்பாசி இனிப்பு தெரியாதவர்கள் உண்டா? ஒரு வித்தியாசம், எங்கள் பெண்கள் எடுப்பது மூட்டையாகக் கம்பெனிக்குப் போய்விடும். கரையிலேயே காய்ச்சிக் கிண்ணத்தில் ஊற்றி விற்கிற வழக்கம் இங்கே வரவில்லை.

நடைபாதைக் கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், மன்னிக்கவும்.


எழுத்துப்பித்தன்:

கொற்கைக்காரி அக்கா சொன்னதை எல்லாம் ஒப்புக்கொள்கிறேன், ஒன்றைத் தவிர. காது மட்டும் போதாது. மனிதர்கள் இல்லாத இடத்தில் பேசுவது பலகைதான், அதுவும் ஆபத்தான இடத்தில். நான் காவ்ஷியுங்கில் தொழிற்சாலை ஒன்றில் மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன், எனக்கு எழுத்துப் பைத்தியம் உண்டு என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

முதலில் உங்கள் செயலியின் அமைப்பைப் பாருங்கள் மைந்தன். பெரும்பாலான செயலிகள் சீனப் பெருநிலத்தில் 1950களில் கொண்டுவந்த எளிமையான எழுத்தைத்தான் கற்றுக்கொடுக்கின்றன. தைவானில் பழைய முழு எழுத்து. வண்டி, காற்று, கதவு, ஆபத்து எல்லாமே பலகையில் வேறு முகத்தோடு நிற்கும். படித்தது கண்ணெதிரே இருந்தும் அடையாளம் தெரியாது. சொற்களும் மாறும். அங்கே மீட்டருக்கு 'மீ3', இங்கே அக்கா சொன்ன 'கோங் ச்சி'. பேருந்து அங்கே 'கோங் ஜியாவ் ச்ச', இங்கே வெறும் 'கோங் ச்ச'.

சனிக்கிழமைக்குள் நூறு எழுத்து வேண்டாம். வாசல் பலகையில் சதுரப் பெட்டி மாதிரி ஒன்று வரும், அதுதான் 'வாய்', க்கோவ்3. அதற்கு முன்னால் இரண்டு கோடு சாய்ந்து காலை அகட்டி நிற்கிற எழுத்து இருந்தால் நுழைவாயில், 'ழூ4 க்கோவ்3'. மூன்று பல் உள்ள மலை எழுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது போல் இருந்தால் வெளிவாயில், 'ச்சூ1 க்கோவ்3'. மஞ்சள் பலகையில் மூன்று கோடு தனித்தனியாக நிற்கிற 'சின்ன'வும், ஒரு வளைவைச் சுற்றி மூன்று புள்ளி தெறித்த 'மனசு'ம் சேர்ந்து வந்தால் 'ஷியாவ்3 ஷின்1', கவனம். அதற்குக் கீழே எழுதியிருப்பதுதான் எதைப் பற்றிக் கவனம் என்பது. இந்தப் பாதையில் அநேகமாக 'லுவோ4 ஷி2', விழும் பாறை. அடுத்தது 'ஜின்4 ஜி3', கூடாது. அதன் முதல் எழுத்தின் உச்சியில் இரண்டு மரம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், கண்டுபிடிப்பது சுலபம். இரண்டு மரத்தைப் பார்த்தால் தாண்டிப் போகாதீர்கள், மீதி எழுத்து தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

உச்சரிப்பில் நமக்கு ஒரு சலுகை இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. நுழைவாயிலின் 'ழூ', ஆளுக்குச் சொல்கிற 'ழென்', இறைச்சிக்குச் சொல்கிற 'ழோவ்' எல்லாம் கிட்டத்தட்ட நம் ழகரம்தான். ஐரோப்பியர்கள் நாக்கை எங்கே வைப்பது என்று திண்டாடுகிற இடத்தில் நீங்கள் 'பழம்' சொல்கிற நாக்கோடு போய்விடலாம். அதேபோல் சீன ஒலியை ஆங்கில எழுத்தில் b, d, g என்று எழுதுகிறார்களே, அவை ஆங்கில ஒலிகள் இல்லை. 'பால்' என்கிறபோது வருகிற பகரம், 'கண்' என்கிறபோது வருகிற ககரம். காற்று வெளியே தெறிக்காத வல்லினம். k, p, t என்று போட்டிருந்தால் அங்கேதான் காற்றைத் தள்ள வேண்டும். முகத்துக்கு முன் மெல்லிய காகிதத்தைத் தொங்கவிட்டுச் சொல்லிப் பாருங்கள், 'பூ4 தாவ்4' சொன்னால் அசையக்கூடாது, 'க்வாய்4' சொன்னால் பறக்க வேண்டும். அதனால் குறிப்பேட்டில் தமிழிலேயே எழுதிக்கொள்ளுங்கள், காற்று வேண்டிய இடத்தில் மட்டும் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்துவிடுங்கள்.


மலைக்கோட்டை_மைந்தன்:

எல்லாருக்கும் மிக்க நன்றி. செயலியைப் பார்த்தேன், எளிமை எழுத்துத்தான் இருந்தது, மாற்றிவிட்டேன். பை வேண்டுமா என்ற கேள்விக்கு நேற்றே 'பூ2 யோங்4' சொல்லிப் பார்த்தேன், வேலை செய்கிறது! ஆனால் அந்த இரண்டாவது கேள்வியும் உடனே வந்தது, அக்கா எழுதியதைப் படிக்காமல் இருந்திருந்தால் மறுபடி விழித்திருப்பேன்.

இரண்டு சந்தேகம். திரும்பி வரும் கடைசிப் பேருந்தை எப்படிக் கேட்பது? எண்கள் எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், ஆனால் இங்கே பேசுகிறவர்கள் நான்கு சொல்கிறார்களா பத்து சொல்கிறார்களா என்றே பிடிபடவில்லை. இன்னொன்று, சனிக்கிழமை மழை என்று காட்டுகிறது.


கொற்கைக்காரி:

எழுத்துப்பித்தனுக்கு என் வணக்கம், அந்த இரண்டு மரம் எனக்கே புதுசு. நான் பலகையின் நிறத்தைப் பார்த்தே இத்தனை நாள் ஓட்டிவிட்டேன்.

நான்கு, பத்து விஷயம் உங்கள் காதின் குறை இல்லை தம்பி. புத்தகத்தில் நான்கு 'ஸி4', பத்து 'ஷி2'. ஆனால் தைவானில் பலர் ஷகரத்தை ஸகரமாகவே சொல்வார்கள். இரண்டும் 'ஸி' ஆகிவிடும், மிச்சம் இருப்பது தொனி மட்டும்தான். அதட்டினால் நான்கு, கேள்வி மாதிரி ஏறினால் பத்து. ழகரமும் அப்படித்தான், வயதானவர்கள் 'ழோவ்' என்பதை 'லோவ்' என்பார்கள், நம் ஊரில் வாளப்பளம் விற்கிறார்களே அந்த மாதிரி. அதனால் பேருந்து நேரத்தை மட்டும் காதை நம்பாதீர்கள். 'மோ4 பான்1 ச்ச1 ஜி3 தியென்3?' கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு, பதில் வந்ததும் விரலைக் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். நாலு மணி பத்தா, பத்து மணி நாற்பதா என்று சந்தேகத்தோடு நிறுத்தத்தில் நிற்கக்கூடாது. கீலுங் பக்கம் போகிற 791 ஆம் எண் வண்டியும் அதே சாலையில் வரும், அதையும் கேட்டு வையுங்கள். கீலுங்கிலிருந்து ரயில் பிடித்துக்கொள்ளலாம்.

துறைமுகத்தில் வயதானவர்கள் பேசுவது சுத்தமாகப் புரியவில்லையென்றால் கவலைப்படாதீர்கள், அது நீங்கள் படிக்கிற சீனமே இல்லை. தைகி என்கிற தைவான் மொழி, ஹொக்கியென் வகை. அதில் நன்றிக்கு 'தோ சியா'. அதை மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள், பாசிக்கூழ் இன்னொரு கரண்டி விழும்.

மழை. உங்களுக்கு வானிலை அறிக்கையில் 'தோங்1 பேய்3 ஜி4 ஃபெங்1' என்று வருகிறதா பாருங்கள். வடகிழக்குப் பருவக்காற்று, நமக்குத் தெரிந்த அதே பெயர். நம் பக்கம் ஐப்பசி கார்த்திகையோடு விடும், இங்கே கீலுங்கில் மாசி வரைக்கும் நச்சுநச்சென்று ஊற்றும். அதனால்தான் இந்த ஊருக்கு மழைத்துறைமுகம் என்றே பெயர். அந்தச் சொல் வந்தால் முனைக்குப் போகாதீர்கள், மேலே காற்று ஆளைத் தள்ளும், படிக்கட்டு வழுக்கும். சாவ்லிங் பழைய பாதைக்குப் போகலாமே என்று யாராவது சொல்வார்கள். கோங்லியாவிலிருந்து தாலீ வரை எட்டரைக் கிலோமீட்டர், கடைசியில் கடல் திறந்துகொண்டு வரும், ஆமைத்தீவு தெரியும், அருமையான பாதை. ஆனால் அதன் கணவாயில் 1867 இல் லியூ மிங்தெங் என்ற படைத்தளபதி காற்றை அடக்குவதற்காக 'புலி' என்ற எழுத்தைப் பாறையில் வெட்டிவைத்துவிட்டுப் போனார் என்றால் அங்கே எப்படிக் காற்றடிக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் அடங்கவில்லை.

மழை நாளுக்கு இதே கரையில் இருக்கும் ஃபூலோங் ஊர்தான் சரி. 1924 இல் திறந்த பழைய ரயில் சுரங்கத்தை 2008 இல் சைக்கிள் பாதையாக மாற்றியிருக்கிறார்கள், இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். உள்ளே நனையமாட்டீர்கள், அந்தப் பக்கம் வெளியே வந்தால் நேரே கடல். ரயில் நிலையத்துக்கு எதிரே சைக்கிள் வாடகைக்கு விடுவார்கள். 'ட்ஸூ1 ஜியாவ்3 த்தா4 ச்ச1' என்றால் சைக்கிள் வாடகைக்கு. 'துவோ1 ஷாவ்3 ச்சியென்2?' எவ்வளவு. ஃபூலோங் ரயில் சாப்பாட்டுப் பொட்டலம் பேர்போனது, ஆனால் வழக்கமாக இறைச்சியும் முட்டையும் சேர்ந்துதான் வரும், உங்கள் சைவ நண்பருக்கு ஆகாது. சைக்கிள் கொடுக்கும்முன் 'ஜெங்4 ஜியென்4' என்று அட்டை கேட்பார்கள். உங்களுக்கு அது 'ஜூ1 லியூ2 ஜெங்4', குடியிருப்பு அட்டை. மூன்று பேரில் ஒருவராவது மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள்.